நாளைக்கு எங்கே நடவு?

காவிரிப் படுகையில் ஒரு விவசாயக் கூலிப் பெண்ணுக்கு நாளைக்கு வேலை உண்டா இல்லையா என்பது முதல் நாள் இரவு ஏழு மணிக்கு மேல்தான் தெரியும். தெருவில் ஆள் கூட்டிப் போகிற ஒருவருடைய செல்போன் அடிக்கும். “அக்கா, நாளைக்கு நம்ம வயல்ல நடவு. பதினஞ்சு ஆளு வேணும், எட்டு மணிக்கெல்லாம் எறங்கிடணும்.” கூலி எவ்வளவு, ஒரு மணியோடு கரையேறலாமா, நாற்று பறித்தாகிவிட்டதா, வண்டி அனுப்புவார்களா என்று இந்தப் பக்கத்திலிருந்து நாலைந்து கேள்வி போகும். பேச்சு படிந்தால் அவர் வாசலில் நின்றே குரல் கொடுப்பார். பத்து வீடு தள்ளி இருப்பவருக்கு நடுவில் இருப்பவர் சொல்லிவிடுவார். அரை மணி நேரத்தில் ஆள் சேர்ந்துவிடும். மறுநாள் காலை ஒரு லோடு ஆட்டோவில் நெருக்கியடித்து நின்றபடி பதினைந்து பெண்கள் இருபது, முப்பது கிலோமீட்டர் தள்ளியுள்ள ஊருக்குப் போவார்கள். யாருடைய வயல் என்பதுகூடச் சிலருக்குத் தெரியாது.

ஆனால் போன் வராத இரவுகள்தான் ஆண்டில் அதிகம்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் நிலம் வைத்திருப்பவர்கள் ஒரே விஷயத்தைச் சொல்கிறார்கள்: “விவசாயம் பண்ண ஆளே கெடைக்கல.” அதே ஊரில் வாய்க்காலைத் தாண்டிப் போய்க் காலனித் தெருவில் கேட்டால், “வேலை எங்க இருக்கு?” என்கிறார்கள். இரண்டில் ஒன்று பொய்யாக இருக்க வேண்டும் என்றுதான் வெளியூர்க்காரர் நினைப்பார். நிலக்காரர்கள் கூலி கொடுக்க மனமில்லாமல் புலம்புகிறார்கள் என்று ஒரு கட்சி, நூறு நாள் வேலை வந்து ஜனங்களைச் சோம்பேறி ஆக்கிவிட்டது என்று இன்னொரு கட்சி. இந்த இரண்டு கட்சியும் வேண்டாம். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. அது எப்படி என்பதைத்தான் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்குத் தண்ணீரிலிருந்து தொடங்க வேண்டும்.

மேட்டூர் அணை 1934இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஜூன் 12 அன்று அதைத் திறப்பது வழக்கம். தண்ணீர் கல்லணைக்கு வந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து கீழே ஓடுகிறது. ஒரு வாய்க்காலில் தண்ணீர் வந்தால் அதன் இரு கரையிலும் உள்ள அத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் வேலை வந்துவிடுகிறது. எல்லோரும் ஒரே வாரத்தில் நாற்று விடுகிறார்கள். குறுவை நாற்றுக்கு மூன்று, மூன்றரை வாரத்துக்கு மேல் பொறுமை கிடையாது. வயது ஏறினால் தூர் கட்டாது, விளைச்சல் விழும். ஆகவே எல்லோரும் ஒரே வாரத்தில் சேடை ஓட்டி, ஒரே வாரத்தில் நட்டாக வேண்டும். ஒரு ஏக்கரைக் கையால் நட ஒரு பொழுதுக்குப் பதினைந்து, இருபது பெண்கள் வேண்டும். இருநூறு ஏக்கர் உள்ள ஒரு சிற்றூரில் அந்த வாரத்தில் எத்தனை கைகள் தேவை என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் அந்த அக்காவின் போன் ஓயாது. அடுத்த மாதம் அது அடிக்கவே அடிக்காது. பிறகு களையெடுப்புக்குச் சில நாட்கள். மறுபடி அறுவடையில் ஒரு நெருக்கடி. பழுத்த கதிரும் காத்திருக்காது. வடகிழக்குப் பருவமழை குறுவையின் வாலையும் சம்பாவின் தலையையும் நனைத்துக்கொண்டே இருக்கும்.

‘ஆள் கிடைக்கலை’ என்பது அந்தச் சில வாரங்களின் பேச்சு. ‘வேலை இல்லை’ என்பது மிச்ச மாதங்களின் பேச்சு. ஆள் இல்லாமல் போகவில்லை என்பதைக் கணக்கும் சொல்கிறது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 51 லட்சம் பேர் சாகுபடியாளர்கள், 86 லட்சம் பேர் விவசாயக் கூலிகள். 2011இல் சாகுபடியாளர்கள் 42 லட்சமாகக் குறைந்தார்கள், கூலிகள் 96 லட்சமாகக் கூடினார்கள். நிலத்தை விட்டவர்களில் பலர் மண்வெட்டியை விடவில்லை. அடுத்தவர் வயலுக்கு எடுத்துக்கொண்டு போனார்கள்.

இந்த நெருக்கடி வாரங்கள் இன்று முளைத்தவை அல்ல. பழைய மிராசுதார்களுக்கும் இதே கவலை இருந்தது. அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழிதான் பண்ணையாள் முறை. நடவுக்கும் அறுப்புக்கும் கைகளுக்குத் தட்டுப்பாடு வராமல் இருக்க வேண்டுமானால், அந்தக் கைகளை ஆண்டு முழுவதும் பிடித்து வைத்திருக்க வேண்டும். குடியிருக்கும் மனைக்கட்டு மிராசுதாருடையது. கல்யாணத்துக்கு வாங்கிய கடன் மிராசுதாருடையது. கூலி நெல்லை மரக்காலில் அளப்பதும் அவருடைய காரியக்காரர். விடியுமுன் வயலில் இல்லாவிட்டால் சவுக்கடி, எதிர்த்துப் பேசினால் சாணியைக் கரைத்து வாயில் ஊற்றும் சாணிப்பால். பண்ணையாளாக இருந்தவர்கள் பெரும்பாலும் தலித் மக்கள். அவர்களுக்கு வேலை தேடும் கவலை இல்லை. வேலையை விட்டுப் போகவும் முடியாது.

1940களில் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாச ராவும் தோழர்களும் கீழத்தஞ்சையில் சேரி சேரியாகப் போய்ச் சங்கம் கட்டினார்கள். சவுக்கும் சாணிப்பாலும் போராடித்தான் ஒழிக்கப்பட்டன. 1952இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பண்ணையாளை நினைத்தபடி வெளியேற்றக்கூடாது, இன்ன கூலி தர வேண்டும் என்று அது சொன்னது. நல்ல சட்டம். ஆனால் பல மிராசுதார்கள் அதற்கு ஒரு மறுவழி பார்த்தார்கள்: பண்ணையாள் என்று ஒருவரை வைத்துக்கொண்டால்தானே சட்டம்? தேவையான நாளுக்குத் தேவையான ஆளை நாள்கூலிக்குக் கூப்பிட்டுக்கொள்ளத் தொடங்கினார்கள். கட்டு அறுந்தது. அதே நாளில் வேலை தேடும் பாரமும் கூலிக்காரர் தலையில் ஏறியது. இன்றைய இரவு நேரப் போனின் தொடக்கம் அங்கேதான் இருக்கிறது.

அடுத்த பதினைந்து ஆண்டுகளில் அந்தப் பாரம் ரத்தம் சிந்தும் அளவுக்குப் போனது. தீவிர விவசாய மாவட்டத் திட்டம் தஞ்சைக்கு வந்தது. ஆடுதுறை 27 போன்ற குறுகிய கால நெல் ரகங்கள் வந்தன. விளைச்சல் கூடியது. அறுத்தவர்கள் கூலியாகக் கொஞ்சம் நெல் கூடக் கேட்டார்கள். நெல் உற்பத்தியாளர் சங்கத்தைச் சேர்ந்த நிலக்காரர்கள் உள்ளூர்க்காரர்களுக்குப் பதிலாக வெளியூர் ஆட்களை இறக்கி அறுத்தார்கள். நம் ஊர் வயலில் நமக்கு வேலை இல்லையா என்ற கேள்விதான் அந்தத் தகராறின் நடுவில் இருந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ராமையா என்பவரின் குடிசைக்குள் ஒதுங்கிய 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளுமே அவர்களில் மிகுதி. அடுத்த ஆண்டு விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. கீழ்வெண்மணியைக் கூலி உயர்வுப் போராட்டம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறோம். யாருக்கு வேலை என்பதற்கான போராட்டமும் அது. இதை மறந்துவிட்டால் இன்று நடப்பது எதுவும் புரியாது.

இன்று வெளியூர் ஆள் என்றால் பக்கத்துத் தாலுகாக்காரர் இல்லை. கடந்த சில ஆண்டுகளாக நடவுக்கு மேற்கு வங்கத்திலிருந்து ஆண்கள் கும்பலாக வருகிறார்கள். ரயிலேறி வந்து மோட்டார் கொட்டகையிலும் களத்து மேட்டிலும் தங்குகிறார்கள். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்கிறார்கள். நாற்றுப் பறிப்பதும் அவர்களே, சுமப்பதும் அவர்களே, நடுவதும் அவர்களே. விடிந்ததும் இறங்கினால் இருட்டும்போதுதான் ஏறுகிறார்கள். இங்கே தலைமுறை தலைமுறையாக நாற்றுப் பறிப்பு ஆண்கள் வேலை, நடவு பெண்கள் வேலை. இரண்டையும் ஒரே கை செய்வதைப் பார்த்த நிலக்காரருக்கு அது பெரிய நிம்மதி: ஒரே ஒருவரிடம் பேசினால் போதும், எட்டு மணிக்கு எத்தனை பேர் வருவார்கள் என்ற பதைப்பு இல்லை.

அந்த வங்காளத் தொழிலாளர்மீது கோபப்படுவதில் நியாயம் இல்லை. சொந்த ஊரில் நடவு முடிந்த பிறகும் சமைக்க அரிசி வேண்டும் என்பதால்தான் அவர் வருகிறார். இங்கிருந்து திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் நம் பிள்ளைகள் போவதும் அதற்காகத்தான். மொழி தெரியாத ஊரில், பாம்பு நடமாடும் கொட்டகையில், ஒரு ஏஜென்டை மட்டும் நம்பி இருப்பவருக்குக் கூலி ஒழுங்காகப் போய்ச் சேர்கிறதா என்று கேட்க வேண்டிய பொறுப்பு நமக்கு உண்டு.

உள்ளூர்ப் பெண்களும் சும்மா இருந்துவிடவில்லை. பல ஊர்களில் அவர்களும் நாள்கூலியை விட்டு ஏக்கர் கணக்கில் பேசிக்கொள்கிறார்கள். பத்துப் பேர் சேர்ந்து வேகமாக நட்டுவிட்டு அடுத்த வயலுக்குப் போனால் ஒரு நாளில் நாள்கூலியைவிடக் கூடுதலாகக் கைக்கு வருகிறது. நெருக்கடி வாரத்தில் இது அவர்களுக்குக் கிடைத்த பேர சக்தி. அதை அவர்கள் பயன்படுத்துவது சரியே. ஆனால் இதில் ஒரு கொடுமை ஒளிந்திருக்கிறது. தொகையைத் தலைக்குத் தலை சமமாகப் பிரிக்கும்போது கை மெதுவாக ஓடுகிறவரை யாரும் சேர்த்துக்கொள்வதில்லை. நாள்கூலியில் நாற்பது வருஷம் நட்ட ஒரு கிழவி, நாலு பேருக்கு நடுவில் குனிந்து தன் பாத்தியை எப்படியோ முடித்துக்கொண்டு வருவார். பக்கத்தில் இருப்பவர் கொஞ்சம் கை கொடுப்பார். ஒப்பந்த நடவில் அந்தக் கிழவிக்கு இடம் இல்லை. இரவில் வாசலில் நின்று பெயர் கூப்பிடும்போது அவர் பெயரைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். சொல்லிக் காட்டுவதில்லை, கூப்பிடாமல் விடுகிறார்கள். இன்று நடவு வயலில் முப்பது வயதுக்குக் கீழே ஒரு முகத்தைப் பார்ப்பதே அரிது என்பதால், நாளைக்கு இப்படித் தாண்டப்படப் போகிறவர்கள்தான் இன்று நட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இயந்திரம் எடுத்துக்கொண்டது இதைவிடப் பெரிய பங்கு. நெல் சாகுபடியில் பெண்களுக்கு மூன்று பெரிய வேலைகள்: நடவு, களை, அறுப்பு. அறுப்பு முதலில் போனது. சேலம், பெரம்பலூர் பக்கங்களிலிருந்து அறுவடை இயந்திரங்கள் லாரியில் ஏறி டெல்டாவுக்கு வருகின்றன. ஈர வயலுக்குச் செயின் வண்டி, காய்ந்த வயலுக்கு டயர் வண்டி. ஒரு ஏக்கரை ஒரு மணி நேரத்துக்குச் சற்று முன்பின்னாக அறுத்து, அடித்து, தூற்றி, நெல்லை டிராக்டரில் கொட்டிவிடுகின்றன. முன்பு அறுப்பு, கட்டுத் தூக்கல், களத்தில் அடிப்பு, தூற்றல் என்று ஒரு தெருவே நாட்கணக்கில் செய்த வேலை அது. கூலி நெல்லாக வந்ததால் வீட்டில் குதிர் நிறைந்தது. அந்த நெல்லின் பலத்தில்தான் வேலை இல்லாத மாதங்களைத் தாண்டினார்கள். வைக்கோலைக் கட்டவும் இப்போது இயந்திரம் வந்துவிட்டது. களைக்கொல்லி வந்த பிறகு கைக்களை நாட்கள் சுருங்கின. நேரடி நெல் விதைப்பும் நடவு இயந்திரமும் நடவிலும் கை வைத்துவிட்டன.

நிலக்காரரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. கொள்முதல் நிலையத்தில் மூட்டை நனையுமோ என்று ராத்திரித் தூக்கம் கெடுகிறவர், மழைக்கு முன்னால் அறுத்துத் தீர வேண்டும் என்றுதான் பார்ப்பார். ஆனால் ஒரு கணக்கை நாம் நேராகப் பார்க்க வேண்டும். இயந்திரம் வந்தபோது ஆண்களுக்கு ஏதோ மிஞ்சியது: வண்டி ஓட்டுவது, மருந்தடிப்பது, அண்டை வெட்டுவது, கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குவது. பெண்களுக்கு மாற்றாக ஒன்றும் வரவில்லை. நடவு இயந்திரத்தின் இருக்கையில் ஒரு பெண் உட்கார்ந்து ஓட்டுவதைப் பார்ப்பது அரிது. நாற்பது வருஷம் நாற்றின் ஆழமும் இடைவெளியும் விரலில் பழகியவர்களுக்கு அந்த இயந்திரத்தை முதலில் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டாமா? வேளாண் பொறியியல் துறை இயந்திரங்களை வாடகைக்கு விடுகிறது. உழவன் செயலியில் அதற்கு வழி இருக்கிறது. அந்தப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து இயந்திரம் வாங்கவும், ஓட்டப் பழகவும் மானியத்தில் முதல் உரிமை அவர்களுக்கு என்று வைப்பது பெரிய காரியமல்ல. மனம் வைத்தால் ஒரு குறுவைக்குள் செய்யலாம்.

நெல்லுக்கு வெளியே பார்த்தால் சில வேலைகள் இன்னும் கைகளை நம்பி இருக்கின்றன. சம்பா அறுப்புக்கு முன் ஈரத்தில் விதைத்த உளுந்தும் பயறும் மார்ச், ஏப்ரலில் பறிப்புக்கு வரும். திருவாரூர் மாவட்டத்தில் கோடையில் போடுகிற பருத்தியைக் கையால்தான் எடுக்கிறார்கள். வெயில் உச்சியில் இருக்கும் மாதங்களில் கிலோவுக்கு இவ்வளவு என்று பேசி எடுக்கிற பஞ்சுதான் பல வீடுகளில் பள்ளிக்கூடம் திறக்கும்போது நோட்டுப் புத்தகச் செலவு. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தேங்காய் பறிப்பும் உரிப்பும் இருந்தன. 2018 நவம்பரில் கஜா புயல் தென்னைகளோடு அந்த வேலையையும் சாய்த்துவிட்டுப் போனது.

டெல்டாவில் வேலை போதாமல் கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் குடும்பத்தோடு போகிறவர்கள் உண்டு. அங்கே ஆள் பிடிக்கிறவர் முதலில் நீட்டுவது முன்பணம். அதை வாங்கும் வீட்டுக்காரர்களிடம் ஒன்றைக் கெஞ்சிச் சொல்ல வேண்டியிருக்கிறது: கணக்கை எழுதி வாங்காமல் முன்பணத்தைத் தொடாதீர்கள். கொத்தடிமை முறை 1976 சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கடனைக் காட்டி ஒருவரை வேலையில் கட்டிப்போடுவது குற்றம். கோட்டாட்சியர் அலுவலகத்தில் ஒரு மனு கொடுத்தால் விசாரித்தாக வேண்டும். முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் 18 முதல் 65 வயது வரையுள்ள விவசாயத் தொழிலாளர்கள் அட்டை வாங்கலாம். பிள்ளைகளின் படிப்புக்கும் விபத்துக்கும் அதில் உதவி உண்டு. கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு அந்த அட்டை வாங்காதவர்கள் இன்னும் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். வயலுக்குப் போகும் லோடு ஆட்டோ கவிழ்ந்து கை கால் போனால் அந்த அட்டைதான் துணை.

இனி நூறு நாள் வேலைக்கு வருவோம். 2005இல் சட்டமாகி, 2006 பிப்ரவரியில் நாட்டின் முதல் 200 மாவட்டங்களில் தொடங்கியபோது நாகப்பட்டினமும் அவற்றில் ஒன்று. அன்றிலிருந்து நிலக்காரர்களின் குறை மாறவில்லை: நடவு நேரத்தில் இவர்கள் ஏரிக்கரையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது. சில ஊர்களில் சில வாரங்களில் அப்படி நடந்ததும் உண்டு. ஆனால் அந்த வேலைக்கு வந்தவர்கள் யார் என்று பார்த்தால் பெரும்பாலும் பெண்கள். அவர்களிலும் ஒப்பந்த நடவில் பெயர் தாண்டப்பட்ட அந்தக் கிழவிகள் பலர். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று ஒரு பெண் தன் வாழ்நாளில் முதல்முறை கேட்டது அங்கேதான். வயலில் ஆணுக்குக் கிடைப்பதில் பாதியைச் சற்றுத் தாண்டினால் பெரிது என்று பழகியவர்கள் அவர்கள். 2025-26க்குத் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட நாள்கூலி 336 ரூபாய். வேலையை அளந்து குறைத்தாலும், இரண்டு மூன்று மாதம் தாமதித்துப் போட்டாலும், அந்தத் தொகை ஊருக்குள் இருந்ததால்தான் வயல் கூலியும் மேலே ஏறியது. அதனால் வந்த கோபத்தைச் சோம்பேறித்தனம் என்ற பழியாக மாற்றுவது அநியாயம்.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக ‘விபி-ஜி ராம் ஜி’ என்று சுருக்கிச் சொல்லப்படும் புதிய சட்டத்தை நிறைவேற்றியது. அதில் வேலை நாட்கள் 125 ஆகின்றன. கூடவே, விதைப்பும் அறுவடையும் உச்சத்தில் இருக்கும் காலத்தில் ஆண்டுக்கு மொத்தம் 60 நாட்கள் வேலை கொடுக்காமல் நிறுத்தி வைக்க வேண்டும். எந்த நாட்கள் என்பதை மாநில அரசு முன்கூட்டியே அறிவிக்கும்.

டெல்டாவைத் தெரிந்த யாருக்கும் உடனே எழும் கேள்வி: எந்த அறுபது நாள்? கல்லணைக்குப் பக்கத்தில் போர்செட் வைத்திருப்பவர் மே மாதமே நாற்று விட்டுவிடுகிறார். கடைமடையில் வேதாரண்யம், கீழையூர்ப் பக்கம் தண்ணீர் எட்டிச் சேர வாரங்கள் ஆகும். மேட்டூரில் தண்ணீர் இல்லாத ஆண்டில் அங்கே குறுவையே கிடையாது. 2024இல் அணை ஜூலை 28 அன்றுதான் திறந்தது. அறுவடையை இயந்திரம் எடுத்துக்கொண்ட ஊரில் அறுவடை என்று சொல்லி முப்பது நாள் நிறுத்தினால், அந்தப் பெண்களுக்கு வயலும் இல்லை, அரசு வேலையும் இல்லை. மாவட்டம் முழுவதற்கும் ஒரே தேதி போட்டால் அது நிச்சயம் நடக்கும்.

வட்டார அளவிலும் ஊராட்சி அளவிலும்கூட வேறு வேறு நாட்களை அறிவிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அந்த இடத்தைப் பயன்படுத்த வேண்டும். நாள் குறிப்பதற்கு முன் கிராம சபையைக் கூட்ட வேண்டும். நிலக்காரரின் தேதியைக் கேட்பது போலவே, போன் வைத்துக்கொண்டு ஆள் கூட்டிப் போகிற அந்த அக்காவையும் கேட்க வேண்டும். ஊரில் எந்த வாரம் எத்தனை கைகளுக்கு வேலை இருந்தது, எந்த வாரம் இல்லை, யார் யார் பெயரை அவர் கூப்பிடவில்லை என்பது அவருக்குத்தான் தெரியும்.